சின்ன ஊருக்குக் கோப்பை, பெரிய ஊருக்கு ஏமாற்றம்: என்பிஏ அணிகளின் 'மார்க்கெட்' கணக்கு என்ன சொல்கிறது?

2025 ஜூன் 22. அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டி நகரில் என்பிஏ கூடைப்பந்து இறுதிச்சுற்றின் 7-வது ஆட்டம். 103-91 என்ற கணக்கில் இண்டியானா பேசர்ஸ் அணியை வீழ்த்தி ஒக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைத் தூக்கியது.

அந்த இறுதிச்சுற்று தொடங்கும் முன்பே ஒரு புலம்பல் ஆரம்பித்துவிட்டது. "இரண்டுமே சின்ன மார்க்கெட் அணிகள், யார் பார்ப்பார்கள்?" என்பதுதான் அது. நியூயார்க் நிக்ஸ் அணி அரையிறுதி வரை வந்து பேசர்ஸிடம் தோற்றிருந்தது. நியூயார்க் வந்திருந்தால் டிவி பார்வையாளர் எண்ணிக்கை எகிறியிருக்கும் என்பது பலருடைய கணக்கு.

இதே தண்டர் அணி 2008 வரை சியாட்டில் நகரத்தின் அணி. ஒக்லஹோமா சிட்டியைவிட சியாட்டில் ரொம்பப் பெரிய மார்க்கெட். 41 சீசன் அணியைக் கொண்டாடிய ரசிகர்களும் அங்கே இருந்தார்கள். ஆனாலும் அணி போய்விட்டது.

மார்க்கெட்டும் இருந்தது, ரசிகர்களும் இருந்தார்கள் என்றால், அப்புறம் அணி ஏன் போனது? ஒரு அணி எந்த ஊரில் தங்கும், எந்த ஊரில் ஜெயிக்கும் என்பதை எது முடிவு செய்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'மார்க்கெட்' என்றால் என்ன?

என்பிஏ-வில் 30 அணிகள். அதில் 29 அமெரிக்காவில், ஒன்று கனடாவின் டொராண்டோவில். அமெரிக்க அணிகளின் மார்க்கெட் அளவைச் சொல்ல பெரும்பாலும் பயன்படுவது நீல்சன் நிறுவனத்தின் டிவி வட்டாரப் பட்டியல். நாடு முழுவதையும் 210 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை டிவி வீடுகள் என்று வரிசைப்படுத்துவார்கள்.

முதலிடம் நியூயார்க். 70 லட்சத்துக்கும் மேல் டிவி வீடுகள். இரண்டாமிடம் லாஸ் ஏஞ்சலஸ். சியாட்டில் முதல் 15-க்குள். இண்டியானாபொலிஸ் 25-ஐ ஒட்டி. ஒக்லஹோமா சிட்டி, மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ் எல்லாம் 40-ஐத் தாண்டித்தான் வரும். நியூயார்க்கோடு ஒப்பிட்டால் ஒக்லஹோமா சிட்டி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்தப் பட்டியல் வீடுகளை மட்டும்தான் எண்ணுகிறது. அந்த வீட்டில் இருப்பவர்கள் கூடைப்பந்து பார்க்கிறார்களா, எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வராது. ஆக, மார்க்கெட் அளவு என்பது எத்தனை பேரை எட்ட முடியும் என்ற எண்ணிக்கை. ரசிகர் ஆதரவு என்பது அதில் எத்தனை பேர் உண்மையிலேயே வருகிறார்கள் என்பது. இரண்டும் ஒன்றல்ல.

ஒரே ஊர், இரண்டு அணி: லாஸ் ஏஞ்சலஸ் சொல்லும் பாடம்

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள லாஸ் ஏஞ்சலஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் என இரண்டு அணிகள். மார்க்கெட் அளவு இரண்டுக்கும் ஒன்றேதான்.

லேக்கர்ஸ் 17 முறை சாம்பியன். வெளியூரில் ஆடினாலும் அரங்கில் மஞ்சள் ஜெர்சி நிறைந்திருக்கும். கிளிப்பர்ஸ் 1984-ல் சான் டியாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. 2025 வரை ஒரு முறைகூட இறுதிச்சுற்றை எட்டியதில்லை. பல வருடங்கள் லேக்கர்ஸ் ஆடும் அதே அரங்கில்தான் வாடகைக்கு ஆடியது.

2024-ல் கிளிப்பர்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் சுமார் 200 கோடி டாலர் செலவில் 'இன்ட்யூட் டோம்' என்ற சொந்த அரங்கைத் திறந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க 51 வரிசை இருக்கைகள் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். பணக்காரர்களுக்கான தனி அறை எதுவும் அந்தப் பக்கம் கிடையாது, தீவிர ரசிகர்களுக்கு மட்டும்தான். இவ்வளவு பெரிய மார்க்கெட்டில் 40 வருடம் இருந்தும், ரசிகர் கூட்டத்தைத் திட்டம் போட்டு உருவாக்க வேண்டிய நிலை.

இன்னொரு சுவாரசியம். லேக்கர்ஸின் 17 கோப்பைகளில் முதல் 5 லாஸ் ஏஞ்சலஸில் வாங்கியதே இல்லை. அப்போது அந்த அணி மினியாபொலிஸில் இருந்தது. 1960-ல்தான் இடம் மாறியது. 'ஏரிக்காரர்கள்' என்ற பொருள் தரும் பெயரும், ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்ததுதான்.

ரசிகர் ஆதரவை எப்படி அளப்பது?

எல்லாரும் முதலில் பார்ப்பது அரங்குக்கு வரும் கூட்டம். ஆனா இதில் சில பொறிகள் இருக்கு.

* அறிவிக்கப்படும் எண்ணிக்கை என்பது விற்ற அல்லது வழங்கிய டிக்கெட் எண்ணிக்கை. டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் போனவரும் கணக்கில் உண்டு.
* அரங்கின் அளவு ஊருக்கு ஊர் மாறும். சிகாகோவின் யுனைடெட் சென்டரில் 20,900-க்கும் மேல் இருக்கைகள். பல அணிகளின் அரங்குகளில் 18,000 சுற்றுதான். அதனால் சராசரி கூட்டத்தில் சிகாகோ புல்ஸ் பெரும்பாலும் முதலிடத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும், அணி சொதப்பினாலும்.
* வேறு பொழுதுபோக்கு எத்தனை என்பதும் முக்கியம். ஒக்லஹோமா சிட்டியிலும் சான் அன்டோனியோவிலும் அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால் ஆகியவற்றின் முதல்நிலைத் தொழில்முறை அணிகள் இல்லை. ஊருக்கே ஒரு அணி. நியூயார்க்கில் அப்படி இல்லை.

அதனால், கூட்டத்தைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அணி கஷ்டத்தில் இருக்கும்போது யார் நிற்கிறார்கள்?

போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் 1977-லிருந்து 1995 வரை தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு அரங்கை நிரப்பியது. 18 வருடத்தில் அணி ஏறியது, இறங்கியது. டிக்கெட் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது.

இதைவிட நெகிழ்ச்சியான கதை இண்டியானாவுடையது. பேசர்ஸ் 1976-ல் ஏபிஏ என்ற போட்டி லீகிலிருந்து என்பிஏ-வுக்கு வந்தது. நுழைவுக் கட்டணம் 32 லட்சம் டாலர். முதல் நான்கு வருடம் தேசிய டிவி பணத்தில் பங்கு கிடையாது என்பது நிபந்தனை. ஒரே வருடத்தில் அணி மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது.

1977 ஜூலையில் உள்ளூர் டிவியில் 16 மணி நேரத்துக்கும் மேல் நேரலை நிதி திரட்டல் நிகழ்ச்சி நடத்தினார்கள். பயிற்சியாளர் பாபி லெனார்டும் அவர் மனைவி நான்சி லெனார்டும் முன்நின்றார்கள். இலக்கு 8,000 சீசன் டிக்கெட். நிகழ்ச்சி முடியும்போது விற்றது 8,028. அந்த 28 டிக்கெட் வித்தியாசத்தில் பிழைத்த அணிதான் 48 வருடம் கழித்து இறுதிச்சுற்றில் 7-வது ஆட்டம் வரை போராடியது.

பணம் எங்கிருந்து வருகிறது?

சரி, அப்போ மார்க்கெட் அளவு சும்மாவா? இல்லை. அதன் வேலை பணத்தில் தெரியும். ஒரு என்பிஏ அணிக்கு வருமானம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது.

ஒன்று, தேசிய டிவி பணம். 2024 ஜூலையில் டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் ஆகியவற்றோடு 11 வருட ஒப்பந்தம் போடப்பட்டது. மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். 2025-26 சீசனில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பணத்தை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. நியூயார்க்குக்கு எவ்வளவோ அவ்வளவே மெம்பிஸுக்கும்.

தோராயமாகப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 690 கோடி டாலர், ஒரு அணிக்கு சராசரியாக 23 கோடி. ஆரம்ப வருடங்களில் இதைவிடக் குறைவு, போகப் போக அதிகம். 2025-26 சீசனுக்கு ஓர் அணியின் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 11 வருடச் சராசரி, அந்த வரம்பைவிட அதிகம்! சின்ன ஊர் அணிகளைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சமபங்குதான்.

இரண்டு, உள்ளூர் டிவி பணம். இது அந்தந்த அணிக்கே. மார்க்கெட் அளவு நேரடியாகக் கடிப்பது இங்கேதான். லேக்கர்ஸ் 2011-ல் அறிவித்த உள்ளூர் ஒப்பந்தம் 20 வருடத்துக்கானது. அதன் மதிப்பு 300 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று அப்போதே செய்திகள் வந்தன. சின்ன மார்க்கெட் அணிகள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

இப்போது இந்த வருமானமும் ஆட்டம் கண்டிருக்கிறது. கேபிள் இணைப்பை மக்கள் துண்டித்துக்கொண்டே போக, பல அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. அதே வருடம் ஃபீனிக்ஸ் சன்ஸ், யூட்டா ஜாஸ் ஆகிய அணிகள் கேபிளை விட்டுவிட்டு இலவச டிவிக்கு மாறின. காசு குறைந்தாலும் பரவாயில்லை, ரசிகர் கண்ணில் பட்டால் போதும் என்ற கணக்கு.

மூன்று, அரங்க வருமானம். டிக்கெட், சொகுசு அறைகள், விளம்பரப் பலகைகள், சாப்பாடு, பார்க்கிங். பெரிய கம்பெனிகள் குவிந்த ஊரில் சொகுசு அறைக்குக் கிராக்கி அதிகம். நியூயார்க்கில் ஒரு இருக்கைக்குக் கிடைக்கும் விலை ஒக்லஹோமாவில் கிடைக்காது.

அணியின் விற்பனை விலையிலும் இது எதிரொலிக்கிறது. 2025-ல் லேக்கர்ஸின் பெரும்பான்மைப் பங்கு கைமாறியபோது அணியின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். அதே வருடம் பாஸ்டன் செல்டிக்ஸ் 610 கோடி. நடுத்தர மார்க்கெட்டான போர்ட்லாண்ட் அணிக்குப் பேசப்பட்டது 400 கோடிக்கும் மேல். 2014-ல் மில்வாக்கி பக்ஸ் வெறும் 55 கோடிக்கு விற்றது என்பதை நினைத்துப் பார்த்தால், சின்ன அணி வைத்திருப்பவரும் நஷ்டப்படவில்லை என்பது புரியும்.

பணம் இருந்தால் கோப்பை வருமா?

வரலாறு முழுக்க எடுத்துக்கொண்டால் ஓரளவு ஆமாம். 2025 வரை நடந்த 79 தொடர்களில் செல்டிக்ஸ் 18, லேக்கர்ஸ் 17. இரண்டு அணிகள் மட்டும் 35 கோப்பைகள். கிட்டத்தட்ட பாதிக்குப் பக்கம்.

ஆனா சமீப காலம் வேற கதை. 2019-லிருந்து 2025 வரை வரிசையாக டொராண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஒக்லஹோமா சிட்டி. 7 வருடம், 7 வேறு வேறு சாம்பியன்கள். இதில் மில்வாக்கி, ஒக்லஹோமா எல்லாம் பக்கா சின்ன மார்க்கெட்.

இன்னொரு பக்கம், நாட்டிலேயே மிகப்பெரிய மார்க்கெட்டான நியூயார்க்கின் நிக்ஸ் அணி 1973-க்கும் 2025-க்கும் இடையில் ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. அதே காலத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 5 கோப்பைகள் வாங்கிவிட்டது.

எப்படி இது சாத்தியம்? மூன்று விதிகள்.

1. டிராஃப்ட். புதிய இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் முறை. மோசமாக ஆடிய அணிகளுக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும் சாத்தியம் அதிகம். ஸ்பர்ஸுக்கு 1997-ல் டிம் டங்கன் கிடைத்தது இப்படித்தான். 2023-ல் விக்டர் வெம்பன்யாமா கிடைத்ததும் இப்படித்தான்.
2. சம்பள வரம்பு. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் இஷ்டத்துக்கு வீரர்களை வாங்க முடியாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சொகுசு வரி. 2023-ல் வந்த புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, இரண்டாவது எல்லையையும் தாண்டினால் வீரர்களை மாற்றிக்கொள்ளும் உரிமையிலேயே கத்தரி விழும்.
3. சொந்த அணிக்குச் சலுகை. ஒரு வீரரை ஏற்கெனவே வைத்திருக்கும் அணியால் அவருக்கு மற்றவர்களைவிட நீண்ட, பெரிய ஒப்பந்தம் தர முடியும். மில்வாக்கியின் யானிஸ் 2020 டிசம்பரில் 5 வருடத்துக்கு 22.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஜூலையில் கோப்பை. அரங்குக்கு வெளியே மட்டும் சுமார் 65,000 பேர் திரண்டிருந்தார்கள்.

ஒக்லஹோமா சிட்டி பட்ட பாடு

விதிகள் இருந்தும் சின்ன ஊருக்கு வலி இல்லாமல் இல்லை. 2012-ல் தண்டர் அணியில் டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் என மூன்று இளைஞர்கள். மூவருமே பின்னால் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர்கள். அந்த வருடம் இறுதிச்சுற்றில் தோற்றார்கள். சம்பளப் பேச்சு ஒத்துவராமல் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2016-ல் டுரான்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார். கோப்பை கைக்கு எட்டவே இல்லை.

2019-ல் கதை திரும்பியது. பெரிய மார்க்கெட் கிளிப்பர்ஸுக்கு நட்சத்திரம் வேண்டும். தண்டரிடமிருந்து பால் ஜார்ஜை வாங்க அவர்கள் கொடுத்த விலை: இளம் வீரர் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், கூடவே கலினாரி, முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் 5. அதில் ஒரு உரிமையில் 2022-ல் தண்டர் எடுத்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

அடுத்து இரண்டு சீசன் தண்டர் படுமோசம். 2020-21-ல் 22 வெற்றி, 50 தோல்வி. அதற்கடுத்த வருடம் 24 வெற்றி, 58 தோல்வி. பொறுமையாகக் காத்திருந்தார்கள். 2024-25-ல் 68 வெற்றி, 14 தோல்வி, கோப்பை. ஷே அந்த சீசனின் சிறந்த வீரர், இறுதிச்சுற்றின் சிறந்த வீரரும் அவரே. பால் ஜார்ஜோ 2024-லேயே கிளிப்பர்ஸை விட்டுப் போய்விட்டார்.

பெரிய ஊர் அணி காத்திருக்கத் தயாராக இல்லை. சின்ன ஊர் அணிக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் காத்திருப்பே இங்கே லாபமாக முடிந்தது.

டிவி ரேட்டிங் புலம்பல் சரிதானா?

2025 இறுதிச்சுற்றை அமெரிக்காவில் ஆட்டத்துக்குச் சராசரியாக சுமார் 1.03 கோடி பேர் பார்த்தார்கள். முந்தைய வருடம் பாஸ்டன், டல்லாஸ் மோதியபோது 1.13 கோடி. ஆக, குறைந்தது உண்மை. ஆனா 7-வது ஆட்டத்தை மட்டும் 1.64 கோடி பேர் பார்த்தார்கள். ஆட்டம் சூடு பிடித்தால் ஊர் பெயர் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டு பழைய உதாரணங்கள். 1998-ல் சராசரி 2.9 கோடி பேர் பார்த்த இறுதிச்சுற்றில் சிகாகோவுக்கு எதிரே நின்றது யூட்டா, ஒரு சின்ன மார்க்கெட். கூட்டத்தை இழுத்தது மைக்கேல் ஜோர்டன். மறுபக்கம் 2020-ல் லேக்கர்ஸ் ஆடியும், லெப்ரான் ஜேம்ஸ் இருந்தும் சராசரி 75 லட்சத்தை ஒட்டித்தான். கொரோனாவால் தொடர் அக்டோபருக்குத் தள்ளிப்போன வருடம் அது. நேரம், நட்சத்திரம், போட்டியின் இழுபறி இவைதான் பார்வையாளரைக் கொண்டு வருகின்றன. மார்க்கெட் அளவு அதில் ஒரு பங்கு, அவ்ளோதான்.

அப்போ சியாட்டில் ஏன் இழந்தது?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் 1967-ல் தொடங்கியது. 1979-ல் சாம்பியன். 2006-ல் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு, அணியை ஒக்லஹோமாவைச் சேர்ந்த கிளே பென்னட் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றது.

பிரச்சினை அரங்கு. கீ அரீனா லீகின் சின்ன அரங்குகளில் ஒன்று, சொகுசு அறை வருமானம் போதவில்லை என்றார்கள். புதிய உரிமையாளர்கள் சுமார் 50 கோடி டாலரில் புதிய அரங்கு கேட்டார்கள், அதில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். மாநில சட்டமன்றம் மறுத்தது. அதற்கு முன்பே, 2006 நவம்பரில், விளையாட்டு அணிகளுக்கு மாநகரம் லாபமில்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்ற தீர்மானத்துக்கு சியாட்டில் வாக்காளர்களில் 74 சதவீதம் பேர் ஆதரவு தெரிவித்திருந்தார்கள்.

ஒக்லஹோமா சிட்டி நேர் எதிர். 2005-ல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் அணி இரண்டு சீசன் அங்கே தஞ்சம் புகுந்தது. வாடகைக்கு வந்த அணிக்கே அரங்கு நிரம்பியது. 2008 மார்ச்சில், அரங்கைப் புதுப்பிக்க 15 மாதத்துக்கு 1 சதவீத விற்பனை வரிக்கு 62 சதவீத வாக்காளர்கள் சம்மதித்தார்கள். அதே வருடம் சானிக்ஸ் தண்டராக மாறியது. குத்தகையை முறிக்க சியாட்டிலுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். பெயரையும் நிறங்களையும் மட்டும் சியாட்டிலுக்கே விட்டுவிட்டார்கள்.

சியாட்டில் மட்டுமல்ல. ஒரு காலத்தில் 364 ஆட்டங்களுக்குத் தொடர்ந்து அரங்கை நிரப்பிய ஊர் சார்லட். உரிமையாளரோடு கசப்பு, 2001-ல் அரங்கத் திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பில் தோல்வி. 2002-ல் அணி நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டது.

தப்பித்த ஊரும் உண்டு. 2013-ல் சாக்ரமென்டோ கிங்ஸை சியாட்டிலுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. ஊர் ரசிகர்களும் மேயரும் மல்லுக்கட்டினார்கள். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையில் ஒரு குழு அணியை வாங்க முன்வந்தது. உரிமையாளர்கள் 22-8 என்று இடமாற்றத்தை நிராகரித்தார்கள். ஆனா அங்கேயும் புதிய அரங்குக்கு மாநகரம் சுமார் 25 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான். அந்தக் கிங்ஸ்தான் 2019 அக்டோபரில் பேசர்ஸோடு மும்பை வந்து, இந்தியாவின் முதல் என்பிஏ ஆட்டங்களை ஆடியது.

பில் யாருக்கு?

இங்கேதான் மார்க்கெட் அளவின் உண்மையான முகம் தெரிகிறது. கோல்டன் ஸ்டேட் 2019-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கட்டிய சேஸ் சென்டர் தனியார் பணம். கிளிப்பர்ஸின் புதிய அரங்கும் அப்படியே. பெரிய மார்க்கெட்டில் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று உரிமையாளருக்குத் தெரியும். ஊரை விட்டுப் போவேன் என்று மிரட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சின்ன ஊரில் அந்த மிரட்டல் செல்லுபடியாகும். மில்வாக்கியின் புதிய அரங்குக்கு 25 கோடி டாலர் பொதுப்பணம். ஒக்லஹோமா சிட்டியில் 2023 டிசம்பரில் மறுபடி வாக்கெடுப்பு: குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்கு, அதில் உரிமையாளர் பங்கு 5 கோடி, மிச்சம் மக்கள் வரி. 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பதிலுக்கு 2050 வரையாவது அணி அங்கேயே இருக்கும். சான் அன்டோனியோவில் 2025 நவம்பரில், ஸ்பர்ஸ் அரங்குக்கு 31.1 கோடி டாலர் வரை தரும் திட்டம் சுமார் 52 சதவீத ஆதரவோடு தப்பிப் பிழைத்தது. அது ஓட்டல் அறை, வாடகை கார் மீதான வரி.

பெரிய ஊரெல்லாம் யோக்கியம் என்று அர்த்தமில்லை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு 1982-லிருந்து சொத்து வரி விலக்கு உண்டு. ஆனாலும் தலைக்கு எவ்வளவு சுமை என்று பார்த்தால், சின்ன ஊர்க்காரர் கையிலிருந்துதான் அதிகம் போகிறது.

அரங்கு வந்தால் வேலை வரும், வியாபாரம் பெருகும் என்பது வழக்கமான வாதம். இதை ஆய்வு செய்த பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலானோர் ஒத்துப்போவதில்லை. மக்கள் அரங்கில் செலவு செய்யும் பணம், வேறு எங்காவது அதே ஊரில் செலவாகியிருக்கும் பணம்தான் என்பது அவர்கள் வாதம். அதே சமயம், தங்கள் ஊர் பெயரை உலகமே உச்சரிப்பதில் ஒக்லஹோமாக்காரர்களுக்கு இருக்கும் பெருமையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்த ஊர் மக்கள்தான் முடிவு செய்யணும். 71 சதவீதம் பேர் செய்தார்கள்.

அடுத்து என்ன?

என்பிஏ-வில் புதிதாக அணிகள் சேர்க்கும் பேச்சு வலுத்திருக்கிறது. முதலில் அடிபடும் பெயர்கள் சியாட்டில், லாஸ் வேகாஸ். சியாட்டிலின் பழைய கீ அரீனா தனியார் பணத்தில் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு 2021-ல் 'கிளைமேட் பிளெட்ஜ் அரீனா'வாகத் திறந்துவிட்டது. ஆனா புது அணி வந்தாலும், அந்த ஊர் ரசிகர்கள் இழந்த 2008-க்குப் பிந்தைய வருடங்கள் திரும்பி வராது.

சுருக்கமா சொன்னா:

* மார்க்கெட் அளவு உள்ளூர் வருமானத்தையும் அணியின் விலையையும் தீர்மானிக்கிறது.
* தேசிய டிவி சமபங்கு, சம்பள வரம்பு, டிராஃப்ட் ஆகியவற்றால் கோப்பை வெல்ல அது கட்டாயம் இல்லை.
* ரசிகர் ஆதரவு அரங்கை நிரப்பும். இண்டியானா மாதிரி, சில நேரம் அணியையே காப்பாற்றும்.
* ஆனா அணி ஊரில் தங்குமா என்பதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் உரிமையாளருக்கும், அரங்குக்குப் பணம் போடுபவருக்கும்தான்.

அடுத்த முறை "சின்ன மார்க்கெட், பாவம்" என்று யாராவது சொன்னால், அந்த ஊரில் அரங்குக்குப் பணம் கட்டியது யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அநேகமாக, டிக்கெட் வாங்கிய அதே ரசிகர்தான், கடையில் சோப்பு வாங்கும்போது வரியாகவும் கட்டியிருப்பார்.